பென்சிலில் ஒரு கேள்விக்குறி

ராத்திரி பத்தரைக்கு மாடி வீட்டுப் பையன் கதவைத் தட்டினான்.

“ஸார், பைத்தான்ல தப்பு இருக்கு. கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கேன். இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க.”

பையன் ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறான். சில்லறையை முழு ரூபாயாக்க ‘ரவுண்ட்’ என்கிற ஃபங்ஷன். பைத்தான் மொழியோடு தயாராகவே வரும் சரக்கு. இப்படிப்பட்ட தயார் சரக்குகளின் தொகுப்புக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்று பெயர்.

கடைக்காரர் பழைய ஆசாமி. பில் காப்பிகளை வைத்துக்கொண்டு கையாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். தினம் பத்து ரூபாய்போல உதைத்திருக்கிறது. கல்லாவில் உட்காரும் பெண்ணைக் கூப்பிட்டு, நாலு பேர் எதிரில், “பையைத் திறந்து காட்டு” என்றுவிட்டார்.

“ரெண்டரையை ரெண்டுங்கறது, மூணரையை நாலுங்கறது. ஒரு நியாயம் வேண்டாமா ஸார்?”

நியாயம் இருக்கிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது பைத்தான் 3-இன் வழக்கம். எப்போதும் மேலேயே ஏற்றினால் நிறைய எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். லைப்ரரியின் அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்து காட்டினேன். தெளிவாகவே போட்டிருந்தது. கூடவே ஒரு குறிப்பு: 2.675-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2.67 தான் வரும், 2.68 வராது, இது தப்பு அல்ல. இவனைப்போல எத்தனை பேர் கதவைத் தட்டியிருந்தால் இப்படி எழுதி வைப்பார்கள்!

“அப்ப பாதி வந்தா மேலேன்னு எனக்கு யார் சொன்னது?” என்று மாடிக்கு ஓடினான். கோச்சிங் சென்டர் நோட்ஸுடன் வந்தான். சீனியரிடம் வாங்கிய ஜெராக்ஸ். அட்டையில் பைத்தான் 3. உள்ளே பைத்தான் 2-இன் விதி. 2008-ல் பைத்தான் 3 வந்தபோதே மாறிவிட்ட சமாசாரம். பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவே நின்றுவிட்டது. நோட்ஸுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

“இது யார் போட்டது?”

“சீனியரா இருக்கும். நானும் பாத்தேன் ஸார்... விட்டுட்டேன்.”

சீனியருக்குத் தெரிந்திருக்கிறது. தன் காப்பியில் மட்டும் திருத்திக்கொண்டு போய்விட்டார். நாம் எல்லோரும் செய்வதுதான்.

டொனால்ட் க்னூத் என்கிற அமெரிக்கப் பேராசிரியர், தன் புத்தகங்களில் ஒரு தப்பை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2 டாலர் 56 சென்ட் செக் அனுப்புவார். 256, கம்ப்யூட்டர்காரர்களுக்கு ராசியான எண். பலர் அதைப் பாங்க்கில் போடாமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். செக் மோசடிகளுக்குப் பயந்து 2008-ல் நிஜ செக்கை நிறுத்தி, கற்பனை பாங்க் ஒன்றின் சான்றிதழ் தர ஆரம்பித்தார். அதற்கும் கிராக்கி!

பைத்தான்காரர்கள் செக் தரமாட்டார்கள். ஆனால் கையேட்டில் தப்பு இருந்தால் சொல்லச் சொல்கிறார்கள். சொல்வதற்கு ஐந்து வரி போதும். எந்தப் பக்கம், எந்த வெர்ஷன், என்ன எழுதியிருக்கிறது, நிஜத்தில் என்ன நடக்கிறது, எப்படி எழுதியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைக் கடைசி வரை படிக்க வேண்டும். வேறு யாராவது ஏற்கெனவே சொல்லிவிட்டார்களா என்றும் பார்க்க வேண்டும். புரோகிராமில் தப்பு என்றால் அதுவே முரண்டு பண்ணிக் காட்டிக்கொடுத்துவிடும். காகிதத்தில் இருக்கும் தப்பு சாதுவாக அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும். அதில் சிக்கினவன் சிக்கின சூட்டோடு எழுதினால்தான் உண்டு.

பையன் கம்ப்ளெயின்ட்டைக் கிழித்துப் போட்டான். கோச்சிங் சென்டருக்கு ஐந்து வரி எழுதினான். காலையில் புரோகிராமைத் திருத்திவிட்டுக் கடைக்குப் போய் மன்னிப்பும் கேட்டானாம்.

கல்லாப் பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். கடைக்காரர் மட்டும் கேட்டிருக்கிறார்:

“அப்ப அந்தப் பத்து ரூபா எங்கேப்பா?”