பாதியில் நின்றுபோன கதைகள்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனத்தின் பிற்கால ஹான் அரசில் யாங் சென் என்றோர் அறிஞர் இருந்தார். டோங்லாய் பகுதியின் ஆளுநர் பொறுப்பை ஏற்கச் செல்லும் வழியில் சாங்யி என்னும் ஊரில் தங்கினார். அவ்வூர் அதிகாரி வாங் மி, முன்னர் இவருடைய பரிந்துரையால் முன்னுக்கு வந்தவர். நன்றி மறவாத அம்மனிதர் இரவில் பொன்னை மறைத்துக் கொண்டுவந்து நீட்டினார். இருட்டு வேளை, ஒருவருக்கும் தெரியாது என்றும் சொன்னார். தெரிந்தவர் நால்வர் இருக்கின்றனரே என்று யாங் சென் எண்ணிக் காட்டினார்: வானம், தெய்வம், கொடுப்பவர், வாங்குபவர். வாங் மி நாணித் திரும்பினார்.

இக்கதை சீன மரபில் பெரும்புகழ் பெற்றது. யாங் குடிவழியினர் பலர் தம் குலமண்டபத்துக்கே 'நால்வர் அறிந்த மண்டபம்' என்ற பொருள்படப் பெயர் சூட்டிக்கொண்டனர். அரசியல் அறம் பற்றிப் பாடம் நடத்தும்போது ஒப்புமைக்காக நாமும் இக்கதையை வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். ஒருமுறை, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவர் மகான், ஐயா. மகான் இல்லாதவங்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்யறது?"

அன்று நம்மிடம் விடை இல்லை. பிறகு மீண்டும் அக்கதைகளைப் புரட்டியபோதுதான் ஒன்று புலப்பட்டது. நேர்மையாளர் கதைகளை நாம் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறோம். பொன்னைத் தள்ளிய கையோடு கதை முடிந்துவிடுகிறது. பழைய நூல்களிலோ கதை அங்கே முடிவதில்லை. நாம் விட்டுவிடும் அந்த மறுபாதியில்தான் அம்மாணவியின் கேள்விக்கு விடை கிடக்கிறது.

சோங் என்னும் சிற்றரசின் அமைச்சர் சிஹானை எடுத்துக்கொள்வோம். கி.மு. 558ஆம் ஆண்டு நிகழ்ச்சியாக 'சோ சுவான்' என்ற பழம்பெரும் வரலாற்று நூல் இதைப் பதிவு செய்திருக்கிறது. ஒருவன் தனக்குக் கிடைத்த ஜேட் கல்லைக் கொண்டுவந்து அவருக்குக் காணிக்கையாக நீட்டினான். உனக்கு இந்தக் கல் செல்வம், எனக்கு ஆசையின்மை செல்வம், இதை நான் வாங்கினால் இருவருமே செல்வத்தை இழந்தவர்கள் ஆவோம் என்ற கருத்துப்பட அவர் மறுத்தார். மேடைகளில் இந்த இடத்தில் கைதட்டல் எழும், பேச்சாளர் அமர்ந்துவிடுவார்.

நூலில் அந்த மனிதன் போய்விடவில்லை. தலை தாழ்த்தி வணங்கி உண்மையைச் சொல்கிறான். எளியவன் ஒருவன் இத்தகைய கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஊர் கடந்து போக முடியாது, கள்வர் கொன்றுவிடுவர், உயிர் பிழைக்கவே இதைத் தங்களிடம் ஒப்படைக்க வந்தேன் என்கிறான். இப்போது அமைச்சர் செய்வதைக் கவனிக்க வேண்டும். தாம் வாழும் பகுதியிலேயே அவனைத் தங்கவைத்துக் கல்தச்சரை அழைத்து அக்கல்லைச் செப்பனிடச் செய்கிறார். அவன் செல்வனான பிறகு ஊருக்கு அனுப்பிவைக்கிறார்.

முற்பாதியில் சிஹான் தம் தூய்மையைக் காத்துக்கொண்டார். பிற்பாதியில்தான் அவர் அமைச்சர் ஆனார். நீட்டிய கைக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். நம் காலத்து நேர்மையாளர் சிலர் கையூட்டையும் மறுப்பர், மனுவையும் மறுப்பர். கறைபடாத கையோடு கோப்பைக் கட்டிவைத்துவிட்டு வீடு செல்வர். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று; ஆயினும் சிஹானின் கதை அவர்களிடம் இன்னும் கொஞ்சம் எதிர்பார்க்கிறது.

அடுத்து லூ நாட்டு முதலமைச்சர் கோங்யீ சியூ. மீன் என்றால் அவருக்கு உயிர். அதை அறிந்து ஒருவர் மீனை அன்பளிப்பாக அனுப்ப, அவர் ஏற்கவில்லை. சிமா சியென் எழுதிய வரலாற்றில் இதற்கு அவர் கூறும் காரணம் சுவையானது: மீன்மேல் ஆசை இருப்பதால்தான் மறுக்கிறேன், பதவி இருக்கும்வரை என் ஊதியத்தில் மீன் வாங்கிக்கொள்வேன், இதை வாங்கிப் பதவி போனால் பிறகு எனக்கு யார் மீன் தருவார்? ஆசையை வென்ற துறவியின் பேச்சா இது? நாவடங்காத ஒரு மனிதர், கணக்குப் பார்த்து நேர்மையாக இருக்கிறார். மகான் இல்லாதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை நமக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு நிபந்தனைமேல் நிற்கிறது: ஊதியம் மீன் வாங்கப் போதுமானதாக இருக்க வேண்டும், தவறு செய்தால் பதவி உண்மையாகவே போக வேண்டும்.

அதே கோங்யீ சியூ, தம் தோட்டத்துக் கீரை சுவையாக இருந்தது கண்டு அதைப் பிடுங்கி எறிந்தாராம். வீட்டில் நெய்த துணி நன்றாக இருந்தது கண்டு, நெய்த பெண்ணை வெளியே அனுப்பித் தறியையும் எரித்தாராம். அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்டது கொடுமையே. எனினும் அவர் சொன்ன காரணம் எண்ணத்தக்கது. அரசு ஊதியம் பெறுவோர் வீடுகளிலேயே எல்லாம் விளைந்தால், உழவரும் நெசவுப் பெண்களும் தம் பொருளை யாரிடம் விற்பர்? அதிகாரத்தில் இருப்பவர் குடிமக்களோடு வணிகத்தில் போட்டியிடலாகாது என்ற நெறி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக வைக்கப்பட்டுவிட்டது.

நீதிக்குப் பெயர்போன பாவ் செங் (999-1062) கதையிலும் இப்படியொரு மறுபாதி உண்டு. மை உரைக்கும் கற்களுக்குப் பேர்பெற்ற துவான்சோவில் ஆட்சி செய்த அவர், பதவி முடிந்து ஒரு கல்கூட எடுக்காமல் திரும்பினார் என்பதே பலரும் சொல்வது. அவருக்கு முன்பிருந்தோர் அரசருக்குச் செலுத்த வேண்டிய அளவைப்போல் பல பத்து மடங்கு கற்களைத் திரட்டித் தலைநகரத்துப் பெரியவர்களுக்கு அனுப்பி வந்தனர். செலுத்த வேண்டியதை மட்டுமே செய்தால் போதும் என்று ஆணையிட்டவர் பாவ் செங். அந்த ஒற்றைக் கல்லைவிட, குடைந்து குடைந்து கை தேய்ந்த தொழிலாளிக்குக் கிடைத்த ஓய்வே பெரிதென்று நாம் கருதுகிறோம்.

இனிக் கசப்பான மறுபாதிகள். பொன்னை மறுத்த யாங் சென் பின்னாளில் அரசின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றை அடைந்தார். பேரரசர் ஆனின் செவிலித்தாயும் அந்தப்புர ஊழியர்களும் செய்த முறைகேடுகளை எழுதி எழுதி முறையிட்டார். கி.பி. 124இல் பதவி பறிக்கப்பட்டு ஊர் திரும்பும் வழியில் நஞ்சுண்டு மாண்டார். அடுத்த பேரரசர் காலத்தில்தான் அவருக்குச் சிறப்பு மீண்டது. நால்வருக்குத் தெரிந்தும் அவரைக் காக்க ஒருவரும் வரவில்லை.

மிங் காலத்து ஹை ரூயி (1514-1587), தமக்கொரு சவப்பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் பேரரசரையே கண்டித்து முறையீடு எழுதியவர். அவர் இறந்தபோது வீட்டில் இருந்தவை முரட்டுத் துணித் திரையும் நைந்த கூடைகளும். உடன் பணியாற்றியவர் அழுதுகொண்டே பணம் திரட்டி அடக்கம் செய்ய நேர்ந்தது. மக்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினர். அரசோ அவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் பதவி தந்தும் பறித்தும் விளையாடியது. 1981இல் வெளிவந்த நூலில் வரலாற்றாசிரியர் ரே ஹுவாங் இவரைப் பற்றி ஓர் இயலே எழுதியிருக்கிறார். நேர்மையாளன் தன் ஈமச்செலவுக்கும் வழியற்றுச் சாவது அவனுக்குப் பெருமை. அந்த அரசுக்கு அது பெருமையா?

இக்கேள்வியை ஓரளவு எதிர்கொண்டவர் சிங் பேரரசர் யோங்செங் (ஆட்சி 1722-1735). மாவட்ட நீதிபதி ஒருவரின் ஆண்டு ஊதியம் அப்போது 45 வெள்ளித் தேல் மட்டுமே. எழுத்தர் கூலி உள்ளிட்ட பல செலவுகளையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே வரியோடு கமுக்கமாகத் தண்டிய மிகைத்தொகையை அரசே வெளிப்படையாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஊதியத்தைப்போல் பல மடங்கு தொகையை அதிகாரிகளுக்கு வழங்கச் செய்தார். அதன் பெயர் 'நேர்மையை வளர்க்கும் வெள்ளி'. நேர்மைக்கும் சோறிட வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பெயர் அது.

வெள்ளி மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதவில்லை. அதே அரசமரபில், அள்ளியள்ளிச் சேர்த்த அமைச்சர் ஹெஷென் 1799இல் வீழ்ந்தபோது அவரிடமிருந்த செல்வம் கண்டு நாடே திகைத்தது. பேரரசரின் செல்லப்பிள்ளையாக இருந்தவரைத் தட்டிக் கேட்க, அப்பேரரசர் சாகும்வரை இயலவில்லை. ஊதியம் இருந்தது, பதவி போகும் என்ற அச்சம் இல்லை. கோங்யீ சியூவின் மீன்கணக்கில் ஒரு பாதி விடுபட்டால் என்னாகும் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே நாம் சொல்ல விழைவது இதுதான். சீன மரபின் இக்கதைகளை அறநெறி ஓவியங்களாகச் சுவரில் மாட்டிவைப்பதோடு நின்றுவிடலாகாது. முற்பாதி, தனிமனிதனின் உறுதியைக் காட்டுகிறது. பிற்பாதி, அந்த உறுதி யாருக்குப் பயன்பட்டது, எதனால் நிலைத்தது, எங்கே கைவிடப்பட்டது என்று காட்டுகிறது. முற்பாதியை மட்டும் கேட்டு வளர்கிறவர்கள் நேர்மையை மகான்களின் சொத்தென்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிவிட்டால் நமக்கும் வசதிதான். நல்ல ஊதியமும் நடுநிலையான விசாரணையும் நேர்மையாளருக்குப் பாதுகாப்பும் கேட்க வேண்டிய வேலை மிச்சம்.

அந்த மாணவி இப்போது ஓர் அலுவலகத்தில் பணியாற்றுகிறாள். அடுத்த முறை காணும்போது, மீன் பிரியரான அந்த முதலமைச்சரின் கதையை அவளுக்கு முழுமையாகச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறோம்.