3.2 சதவீதம் தரும் பொய்யான ஆறுதல்

வேலையின்மை விகிதம் குறைந்தால் வேலைவாய்ப்பு பெருகிவிட்டது என்று நம்புகிறோம். ஆள்பவர்கள் அதைச் சாதனை என்கிறார்கள்; தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொள்பவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2017-18இல் 6.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 சதவீதம். பாதியளவு குறைந்துவிட்டதே, இன்னும் என்ன குறை என்று கேட்கிறார்கள்.

யாரை வேலையில்லாதவர் என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் குறை. வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. வேலை தேட வேண்டும், அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருக்க வேண்டும். தேடிச் சலித்து, வேலையே வேண்டாம் என்று ஒதுங்கியவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஆண்டின் பெரும்பகுதி வேலை தேடி அலைந்தவரும், இடையில் துணைத்தொழிலாக 30 நாள் ஏதாவது செய்திருந்தால் வேலையில் இருப்பவர்தான். வாராந்தர அளவுகோல் என்று இன்னொன்று உண்டு; அதில் அந்த வாரத்தின் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேர வேலையே போதும்.

கணவரின் பெட்டிக்கடையில் பொட்டலம் மடிக்கும் பெண்ணைப் பாருங்கள். அவர் கையில் ஒரு ரூபாய்கூட வருவதில்லை. ஆனாலும் அவர் வேலையில் இருப்பவர். அவர் உழைப்பு உழைப்பே, அதை எண்ணுவது நியாயம். அதை வேலைவாய்ப்பு வளர்ச்சி என்று கொண்டாடுவதுதான் அநியாயம். வேலையில் இருப்போரில், குடும்பத் தொழிலில் இப்படிக் கூலியின்றி உழைப்பவர்களின் பங்கு அதே ஆறாண்டுகளில் 13.6இலிருந்து 19.4 சதவீதமாக ஏறியது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கோ 22.8இலிருந்து 21.7ஆக இறங்கியது. ஒரு நாடு வளர வளர விவசாயத்தை நம்பியிருப்போரின் பங்கு குறைய வேண்டும், இங்கே 44.1இலிருந்து 46.1ஆகக் கூடியிருக்கிறது. நகரத்தில் பிழைக்க வழியில்லாமல் வயலுக்குத் திரும்பியவர்களும் இதில் அடக்கம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை ஒரு சதவீதத்துக்கும் கீழே. பட்டதாரிகளிடையே பத்துக்கும் மேலே. படிக்காதவருக்கு நல்ல வேலை கொட்டிக் கிடக்கிறதா? இல்லை. வீட்டில் உலை வைக்க வேண்டியவர் கிடைத்த கூலிக்குப் போகிறார். வேலை தேடிக் காத்திருக்க யாராவது சோறு போட வேண்டும். பெரும்பாலான இந்தியர்களுக்கு வேலை போனால் அரசு உதவித்தொகை கிடையாது. தள்ளாத வயதிலும் இதே கதை. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேலாக அதில் மாற்றமில்லை. மாநிலங்கள் சேர்த்துக் கொடுப்பதும் பல இடங்களில் போதவில்லை. அதனால் மூட்டை தூக்கும் எழுபது வயது முதியவரும் வேலையின்மையைக் குறைத்துக் காட்டுகிறார்.

புள்ளிவிவரமே மோசடி என்று சொல்வோரும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. 2017-18 அறிக்கை வெளிவராமல் கிடந்தபோது, 2019 ஜனவரியில் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து விலகினார்கள். தேர்தல் முடிந்து, மே 31 அன்றுதான் அறிக்கை வெளியானது. அந்த எண்களின் நேர்மைக்காகப் பதவியை விட்டவர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கில் ஒரே ஒரு வரியைப் பிய்த்தெடுத்து மேடையில் வாசிப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கூலியில்லா உழைப்பும் சுயதொழில் செய்பவரின் மாத வருமானமும் 3.2 சதவீதத்தைச் சொல்லும் அதே அறிக்கையில் அச்சாகியிருக்கின்றன. 3.2 என்று சொல்லும் அமைச்சர் அவற்றையும் சேர்த்தே சொல்லட்டும். சொல்லாவிட்டால், எதிரே அமர்ந்திருக்கும் செய்தியாளர் அந்தப் பக்கங்களைக் காட்டிக் கேட்கட்டும்.