தாப்பானுலிக் காட்டில் அணை வேண்டுமா?

மலாக்கா நீரிணைக்கு அப்பால், வடசுமத்ராவின் பத்தாங் தோரு காட்டில் வாழ்கிறது தாப்பானுலி ஓராங் ஊத்தான். அதனைத் தனி இனமென்று அறிவியலாளர்கள் 2017ஆம் ஆண்டில்தான் அறிவித்தனர். அப்போதே அதன் எண்ணிக்கை 800க்கும் குறைவு. ஒரு பெரிய இடைநிலைப்பள்ளியின் மாணவர்கள்கூட அதைவிட அதிகம்! அந்தக் காட்டில் 510 மெகாவாட் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை நான் எதிர்க்கிறேன்.

காடு ஏற்கெனவே மூன்று துண்டுகளாகிவிட்டது. அணையும் சாலைகளும் மின்கம்பிகளும் வந்தால், இந்த மனிதக்குரங்குகள் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி அடைபடும். உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தால் இனம் நலிவடையும். மேலும், ஒரு தாய் அடுத்த குட்டியை ஈன எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்குச் சில குரங்குகள் கூடுதலாக இறந்தாலும் அந்த இழப்பை எப்படி ஈடுகட்டுவது?

நீர்மின்சாரம் புகையில்லாதது, டீசலைவிட நல்லது என்று திட்டத்தை ஆதரிப்போர் கூறுகின்றனர். அதை நான் மறுக்கவில்லை. மக்களுக்கு மின்சாரம் தேவைதான். ஆனால், அதே தாப்பானுலி வட்டாரத்தில் உள்ள சாருல்லா நிலையம், நிலத்தடி வெப்பத்தைக் கொண்டு 330 மெகாவாட் வரை மின்சாரம் தயாரிக்கிறது. எரிமலைகள் நிறைந்த சுமத்ராவில், அத்தகைய நிலையங்களை இந்தக் காட்டுக்கு வெளியே இன்னும் அமைக்கலாமே!