ப்ரவுசரைத் தூக்கிப் போடச் சொல்லும் வைத்தியர்கள்

ஒரு பக்கம் திறக்கவில்லை. வெள்ளைத் திரை, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே பக்கத்து சீட்டிலிருந்து ஒரு வைத்தியர் எழுந்து வருவார். "கேஷ் க்ளியர் பண்ணு. சரியாகலையா? ப்ரவுசரை எடுத்துட்டு திரும்பப் போடு. அப்பவும் சரியாகலையா? ஃபார்மட் பண்ணிடு!" எல்லா நோய்க்கும் இதே மூன்று மருந்து. என்ன நோய் என்று மட்டும் கேட்கவே மாட்டார்.

சுத்த சோம்பேறித்தனம் இது. இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் யாராவது பேரேட்டைக் கிழித்துப் போடுவார்களா? எந்தப் பதிவில் தப்பு என்றுதானே தேடுவார்கள்? (அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.)

2022 ஜனவரி 13-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். உலகம் முழுக்க ஃபயர்ஃபாக்ஸ் திடீரென்று படுத்துவிட்டது. எந்தத் தளமும் திறக்கவில்லை. அதே கம்ப்யூட்டரில் குரோம் ஜம்மென்று ஓடுகிறது! திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்தாலும் பலன் கிடையாது. ஏனென்றால் கோளாறு கேஷிலும் இல்லை, விண்டோஸிலும் இல்லை.

என்ன நடந்தது என்று மோசில்லாவே பிறகு விளக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் தன் செயல்பாட்டுத் தகவல்களை அவ்வப்போது மோசில்லாவுக்கு அனுப்பும். அதை வாங்கும் சர்வர்களை நடத்தும் கிளவுட் நிறுவனம், சொல்லாமல் கொள்ளாமல் எச்டிடிபி/3 என்ற புதிய முறைக்கு மாற்றிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் எச்டிடிபி/3 நிரலிலோ ஒரு ஓட்டை. அனுப்பும் தகவலின் நீளத்தைச் சொல்லும் வரியைத் தேடும்போது, ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்த்தது அது. வந்ததோ சின்ன எழுத்தில். அவ்வளவுதான், முடிவே இல்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸின் எல்லா இணையக் கோரிக்கைகளும் ஒரே வாசல் வழியாகத்தான் போகும். வாசல் அடைத்ததும் மொத்தமும் நின்றுபோனது. மோசில்லா சர்வர் பக்கம் எச்டிடிபி/3-ஐ நிறுத்திய பிறகுதான் சரியானது. சுமார் இரண்டு மணி நேரக் கூத்து.

ஆனால் ப்ரவுசர்கள் பெரும்பாலும் என்ன சொல்லும்? "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்." பழி எப்போதும் உட்கார்ந்திருப்பவன் மேல்தான்.

நோயைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். வேறு தளம் திறக்கிறதா? வேறு ப்ரவுசரில்? செல்போன் ஹாட்ஸ்பாட்டில்? பிரைவேட் விண்டோவில் மட்டும் திறந்தால் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேலும் குக்கீ மேலும். எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால் முதலில் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்து, கம்ப்யூட்டர் பத்து வருடம் பின்னால் போயிருக்கலாம். சான்றிதழ் செல்லுபடியாகும் நாளே அதற்கு இன்னும் வந்திருக்காது! அந்த பேட்டரியின் விலை சில ரூபாய்தான்.

"ஃபார்மட் பண்ணா சரியாகுதே" என்பார் வைத்தியர். ஆகும்தான். அந்த ஜனவரி 13 அன்று ஃபார்மட்டை ஆரம்பித்து, விண்டோஸ் ஏற்றி, ஃபயர்ஃபாக்ஸை மறுபடி போடுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். சும்மா காபி குடித்துவிட்டு வந்து ப்ரவுசரை மூடித் திறந்தவனுக்கும் அதே நேரத்தில் சரியாகியிருக்கும். அவனுடைய புக்மார்க்கும், சேமித்த பாஸ்வேர்டும், டி டிரைவில் மாற்றி வைக்க மறந்த ப்ராஜெக்ட் ஃபைலும் பத்திரமாக இருந்திருக்கும்.