ஒரு புகாரும் இல்லையாம்!

பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் தவறாமல் காதில் விழும் வரி ஒன்று உண்டு: “இந்த ஆண்டு நம் பள்ளியில் பகடிவதைப் புகார் ஒன்றுகூட இல்லை.” கைதட்டுவார்கள். மேசையில் மீகூன் ஆறிக்கொண்டிருக்கும். கூட்டம் அடுத்த அங்கத்துக்குப் போய்விடும். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களை ஒட்டி வாழும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வரியில் சந்தேகமே கிடையாது. பகடிவதை விடுதிப் பள்ளிகளில் நடப்பது, பட்டணத்தில் நடப்பது, மற்ற இனத்துப் பிள்ளைகளிடம் நடப்பது. நம் பள்ளியில் மொத்தமே நாற்பது, ஐம்பது பிள்ளைகள். எல்லாம் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் உறவு. அங்கே யார் யாரை வதைக்கப் போகிறார்கள்?

இந்த நம்பிக்கையைத்தான் எதிர்க்கிறேன். உறவும் சின்ன இடமும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதில்லை. அவர்கள் வாயைத்தான் அடைக்கின்றன.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். நாளிதழின் முதல் பக்கத்துக்கு வரும் பகடிவதை எல்லாம் சாவில் முடிந்தவை. 2004 மார்ச்சில் நம் சிரம்பானிலேயே, அம்பாங்கானில் உள்ள சமய இடைநிலைப்பள்ளி விடுதியில் 16 வயது மாணவன் ஒருவன் மூத்த மாணவர்களால் அடித்துக் கொல்லப்பட்டான். 2025 ஜூலையில் சபாவின் பாப்பாரில் 13 வயது மாணவி விடுதிக் கட்டடத்தின் கீழே விழுந்து கிடந்து, மறுநாள் இறந்தாள். அவளை இழிவாகப் பேசியதாகப் பின்னர் ஐந்து பதின்ம வயதினர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். இவற்றைப் படித்துப் படித்து, பகடிவதை என்றால் விடுதி, இரவு, சவம் என்று மனத்தில் பதித்துக்கொண்டோம். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனை நாள் தவறாமல் வேனில் கடைசி இருக்கைக்குத் தள்ளி, பையைப் பிடுங்கி வீசி, அப்பனின் குடியைச் சொல்லிச் சிரித்தால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் விளையாட்டு.

கணக்கைப் பார்ப்போம். கல்வியமைச்சின் பதிவில் 2023இல் 6,528 பகடிவதைச் சம்பவங்கள், 2024இல் 7,681. நாட்டில் படிக்கும் பிள்ளைகள் ஏறக்குறைய 50 இலட்சம். ஆயிரம் பேருக்கு இரண்டு சம்பவம்கூட வரவில்லை. இதே நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் 2018இல் பீசா எனும் அனைத்துலக மாணவர் ஆய்வு வேறு விதமாகக் கேட்டது. கட்டொழுங்கு ஆசிரியர் முன்னால் நின்று யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை; பதிலைக் குறித்தால் போதும். மாதத்தில் சில முறையாவது வதைக்கப்படுவதாகக் குறித்தவர்கள் 36 விழுக்காடு. ஓஇசிடி நாடுகளின் சராசரி 23தான். அதற்கு முந்திய ஆண்டு, 2017இல், சுகாதார அமைச்சு பதின்ம வயது மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் 16.2 விழுக்காட்டினர் வதைபட்டதாகச் சொன்னார்கள். கேள்வி வேறு, காலவரை வேறு, அதனால் இரண்டு ஆய்வும் ஒன்றாக இருக்காது. ஆனால் இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொண்டாலும், கல்வியமைச்சின் புகார்ப் பதிவைப்போல் அது ஏறக்குறைய நூறு மடங்கு. நடப்பது ஒரு பக்கம், பதிவாவது வேறு பக்கம் என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? புகார் எண்ணிக்கையில் தெரிவது பிள்ளைகளின் தைரியம். அவர்களின் நிம்மதியை அதில் தேடக்கூடாது.

இனி தோட்டத்துக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பலவற்றின் பெயரில் ‘லாடாங்’ இருக்கும். பின்னால் தோட்டமே இருக்காது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. லயத்தில் இருந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் சிதறிவிட்டார்கள். பிள்ளைகள் மட்டும் வேனில் அதே பள்ளிக்கு வருகிறார்கள். ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர் என்றால், முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை அந்த ஏழெட்டு முகங்கள்தான். பெரிய பள்ளியில் ஒருவன் தொல்லை கொடுத்தால் வேறு கூட்டாளியைத் தேடலாம், வகுப்பு மாற்றச் சொல்லலாம். இங்கே வகுப்பே ஒன்றுதான். பள்ளி விட்டால் அதே வேன், வேன் விட்டால் அதே கோயில், அதே திருவிழா, அதே உறுமி மேளக் குழு. வதைப்பவனிடமிருந்து விலகி நிற்க ஓரடி இடம் கிடையாது.

சொல்லலாம்தானே என்பீர்கள். யாரிடம்? வதைப்பவனின் அப்பா கோயில் செயலாளராக இருப்பார். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் இருப்பார். சித்தப்பாதான் வேன் ஓட்டுவார். பையன் வாய் திறந்தால் அன்று மாலையே பெரியவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். “சின்னப் பிள்ளைங்க விசயத்த பெரிசாக்காதீங்க அக்கா” என்று யாராவது வீட்டுக்கு வருவார்கள். மறுநாள் அலுவலகத்தில் இரண்டு பேரையும் நிற்கவைத்து, கை கொடுக்கச் சொல்லி, “இனிமே சேர்ந்து விளையாடுங்க” என்று அனுப்புவார்கள். எனக்கு இந்தக் கைகுலுக்கலைப்போல் எரிச்சலூட்டும் சடங்கு வேறில்லை. இருவர் சரிக்குச் சமமாகச் சண்டை போட்டால் சமாதானம் செய்து வைக்கலாம். ஒருவன் அடிப்பவன், மற்றவன் அடிபடுபவன் என்றான பிறகு, அடித்த கையையே பிடித்துக் குலுக்கு என்று அடிபட்டவனுக்குச் சொல்வது இரண்டாவது அடி. அதை வாங்கிய பிள்ளை அடுத்த முறை யாரிடமும் வாய் திறக்காது. ஆண்டு முடிவில் அறிக்கை வாசிக்கப்படும்: புகார் இல்லை.

சின்ன ஊரில் வாய் திறப்பதன் விலை எவ்வளவு என்பதைத் தமிழ்நாட்டின் நாங்குநேரி காட்டியது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் படித்தவர்களின் சாதி வன்மம் தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் காரணம் கேட்க, நடந்ததைச் சொன்னான். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இருவரும் பிழைத்தார்கள். அதன்பிறகுதான் அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது. நம் தோட்டங்களில் அரிவாள் தூக்கவில்லை என்று நிம்மதி கொள்ளலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்ற கணக்கை நம் பிள்ளைகளும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

சாதி என்றதும் இன்னொன்று. 1971இல் வெளிவந்த ‘இந்தர்லோக்’ மலாய் நாவலை ஐந்தாம் படிவ இலக்கியப் பாடமாக வைத்தபோது, நெகிரி செம்பிலான் மாணவர்களும் அதைப் படிக்க வேண்டியவர்களில் இருந்தார்கள். தமிழர்களைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்துகிறது என்று 2011 முழுவதும் நாம் போராடினோம். அந்த ஆண்டு இறுதியில் நூல் கைவிடப்பட்டது. நியாயமான போராட்டம். ஆனால் எந்தச் சொல்லைப் புத்தகத்திலிருந்து விரட்டினோமோ, அதே சொல்லை நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் ஒருவர்மேல் ஒருவர் வீசும்போது நாம் எங்கே கூடினோம்? மலாய்க்கார மாணவன் ‘கெலிங்’ என்றால் காவல் நிலையம்வரை போகிறோம். தமிழ் மாணவன் தமிழ் மாணவனைக் கருவாயா என்றால், எஸ்டேட்டு என்றால், அது கேலி. அதுவும் தோட்டத்துப் பள்ளியிலிருந்து முதலாம் படிவத்துக்கோ புகுமுக வகுப்புக்கோ போகும் பிள்ளைக்கு இந்த ‘எஸ்டேட்டு’ எவ்வளவு பாரம் என்பது அங்கே ஓராண்டு உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தெரியும். மலாய் சரளமாக வராது, உணவுக்குக் கொண்டுவரும் காசு குறைவு, பேச்சில் தோட்டத்து வாடை. முதலில் சிரிப்பவர்கள் பெரும்பாலும் பட்டணத்துத் தமிழ்ப் பிள்ளைகள்தாம்.

கைப்பேசி வந்தபிறகு வேன் பயணத்தோடு முடிந்த வதை படுக்கைவரை வருகிறது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, பாடத்துக்காக வகுப்புக்கொரு புலனக் குழு உருவானது. அப்பாவின் பழைய கைப்பேசி பிள்ளையின் கைக்குப் போனது. பள்ளி திறந்தது, கைப்பேசி திரும்பி வரவில்லை. ஆசிரியர் இருக்கும் குழு ஒன்று, ஆசிரியர் இல்லாத குழு இன்னொன்று. அந்த இரண்டாவது குழுவில்தான் எல்லாம் நடக்கிறது. ஒருத்தியின் முகத்தை வெட்டி ஸ்டிக்கராக்கி, அதன்மேல் ஒரு கெட்ட வார்த்தை எழுதி அனுப்பினால் போதும். அவளைத் தவிர எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அவளையும் குழுவில் சேர்த்துச் சிரிப்பார்கள்.

இது பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடித்த கலை இல்லை. டிக்டாக்கில் ‘ஏஷா’ என்று அறியப்பட்ட அ. ராஜேஸ்வரி, நேரலைகளில் தொடர்ந்து வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, 2024 ஜூலையில் உயிரிழந்தார். வதைத்தவர்கள் தமிழில் பேசிய பெரியவர்கள். அவர்களில் ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அவர்மேல் சாட்டிய சட்டப்பிரிவில் அன்று அதற்குமேல் இடமில்லை. நாடே கொதித்த பிறகு தண்டனைச் சட்டத்தில் 507பி தொடங்கிப் புதிய பிரிவுகள் சேர்ந்தன. 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. அந்த நேரலைகளுக்கு இதயக்குறி போட்டு இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்?

“நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போயிட்டோம்?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு பதில். கெட்டுப் போனவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வந்து கை தூக்கிப் பேசுவதில்லை. மூன்றாம் படிவத்தோடு நின்றவன், அடியிலிருந்து தப்பிக்கக் கும்பலில் சேர்ந்து பின்னர் அடிக்கக் கற்றுக்கொண்டவன், இன்றும் பள்ளியின் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறவள் எல்லாரும் கூட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். வந்திருப்பவர்களை மட்டும் எண்ணி ‘எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்’ என்று முடிவுகட்டுவது என்ன கணக்கு?

ரோத்தானைத் திரும்பக் கொண்டுவா என்போரிடம் நீண்ட வாதம் வேண்டாம். யார் அடித்தது என்றே தெரியாத இடத்தில் ரோத்தான் யார்மேல் விழும்?

முதலில் தெரிய வேண்டும். 1982 இறுதியில் நார்வேயின் வடபகுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். பகடிவதை காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அந்த நாடு மறு ஆண்டே தேசிய இயக்கம் தொடங்கியது. அதில் பங்கெடுத்த ஆய்வாளர் டான் ஓல்வியஸ், பெர்கன் நகரப் பள்ளிகளில் முதலில் செய்த வேலை, மாணவர்கள் பெயர் எழுதாமல் நிரப்பும் கேள்வித்தாளைக் கொடுத்ததுதான். எங்கே, எப்போது, எத்தனை முறை என்று தெரிந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் அந்த இடங்களில் ஆசிரியர்களை நிறுத்தினார்கள், வகுப்பு விதிகளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள், பெற்றோரை அழைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் வதை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதற்குப் பெரிய செலவில்லை. ஐம்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஐம்பது தாளும் ஒரு பெட்டியும் போதும். அதைத் திறந்து படிப்பவர் மட்டும் ஊர்ச் சொந்தக்காரராக இல்லாமல் இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆலோசக ஆசிரியராக இருந்தால் நல்லது.

2025 டிசம்பரில் மக்களவை பகடிவதை எதிர்ப்பு மசோதாவை நிறைவேற்றியது. தனித் தீர்ப்பாயத்துக்கும் வழி வந்திருக்கிறது. ஆனால் தீர்ப்பாயத்தின் படியேற ஒரு புகார் வேண்டும். புகார் இல்லாததையே பெருமையாக வாசிக்கும் ஊரில் அந்தச் சட்டம் புத்தக அலமாரியில்தான் இருக்கும்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த வரி வாசிக்கப்படும்போது கைதட்டாதீர்கள். எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “பிள்ளைகளிடம் எப்படிக் கேட்டீர்கள், சார்?”