நாக்குக்கு ஒரு பூட்டு!

குடும்பச் சண்டைகளைக் கவனித்துப் பாருங்கள். பல சண்டைகள் பணத்தால் வருவதில்லை; நாக்கால் வருகின்றன!

கோபத்தில் கையில் இருக்கும் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டால் திரும்ப எடுத்து வைக்கலாம். வாயில் இருந்து விழுந்த வார்த்தையை எடுக்க முடியுமா? "உன்னைக் கட்டி என்ன சுகம் கண்டேன்?" என்று ஒரு நாள் சொன்னதை, இருபது வருடம் ஆனாலும் மனைவி மறப்பாளா?

வாய் போதாது என்று இப்போது கைப்பேசியும் வந்துவிட்டது. கோபத்தில் தட்டிய ஒரு வரி, மறு நிமிடமே சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்விடுகிறது!

நாக்கை அடக்க முடியாது என்கிறீர்களா? முடியும்.

காந்தியடிகள் திங்கட்கிழமை தோறும் மௌன விரதம் இருந்தார். 1947 ஜூன் 2-ந் தேதியும் திங்கட்கிழமைதான். அன்று அவர் வைசிராய் மவுண்ட்பேட்டனைச் சந்தித்தார். நாட்டைப் பிரிப்பது பற்றிய பேச்சு. பிரிவினையை அவர் எதிர்த்து வந்தவர். உள்ளம் எப்படிக் கொதித்திருக்கும்! ஆனாலும் வாய் திறக்கவில்லை. பழைய தபால் உறைகளின் பின்புறத்தில் பதில் எழுதிக் கொடுத்தார்.

அதில் ஒரு விஷயத்தையும் குறிப்பிட்டார். விரதத்துக்கு அவர் இரண்டு விலக்கு வைத்திருந்தார். அவசர காரியமாக உயர்ந்த பதவியில் இருப்பவரிடம் பேசலாம். நோயாளிக்குப் பணிவிடை செய்யும்போது பேசலாம்.

ஆகவே, எப்போதும் ஊமையாக இருப்பது அடக்கம் அல்ல. நியாயம் கேட்கவும், ஆறுதல் சொல்லவும் வாய் திறக்கத்தான் வேண்டும். வள்ளுவரும் 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரம் எழுதினார். 'சொல்வன்மை' என்று இன்னோர் அதிகாரமும் எழுதினார்.

சில வீடுகளில் அடக்கம் என்றால், மனைவியையும் பிள்ளைகளையும் பார்த்து, "வாயை மூடு!" என்று அதட்டுவது. இது அடக்கம் அல்ல, அடக்குமுறை! மகள் புகுந்த வீட்டில் படும் கொடுமையைச் சொல்ல வருகிறாள். "ஊர் சிரிக்கும், பேசாதே" என்று தடுக்கலாமா? தடுத்தால் அவள் யாரிடம் போவாள்?

மௌனம், நம் வாய்க்கு நாமே போடும் பூட்டு. அடுத்தவர் வாய்க்குப் போடும் பூட்டு அல்ல. சாவியும் நம் கையில்தான் இருக்க வேண்டும்.

கோபம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். நீங்கள் சொல்ல நினைத்தது நியாயமானால், குடித்து முடித்த பிறகும் அது நியாயமாகவே இருக்கும். அப்போது சொல்லுங்கள்!