தமிழுக்கு ஒரு முகவரி கொடுங்க! (த்ரெட்)

1/
மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு நாங்க எழுதுற மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போடணும். தினமும் போட்டா வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை பாதிக்கும், உயிரே போகலாம்.
இதுக்கும் இணையதள முகவரிக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு. படிங்க.

2/
ஒரு அம்மாவுக்கு வாயால சொன்னேன். சீட்டு வழக்கம்போல இங்கிலீஷ்ல. அதனால ஒரு தளத்துல நல்ல தமிழ்ல இருந்த பக்கத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். மறுநாள் போன்: "டாக்டர், நீங்க அனுப்பினது இங்கிலீஷா இருக்கு. பொண்ணும் ஊர்ல இல்ல. மாத்திரை இன்னைக்கும் போடணும்ல?"
நல்லவேளை, கேட்டாங்க.

3/
என்ன நடந்தது? அந்தத் தளத்துல தமிழுக்குத் தனி முகவரியே கிடையாது. மேல 'மொழி'ன்னு ஒரு பொத்தான். அழுத்தினா அதே முகவரியில எழுத்து மட்டும் மாறும். நான் தமிழ் கேட்டது என் போனோட குக்கீயில இருக்கு, லிங்க்ல இல்ல. அவங்க போன்ல ஆங்கிலம்தான் திறக்கும்.
வேற போன்ல திறந்து பாக்காம அனுப்பினது என் தப்பு. ஆனா அப்படிக் கட்டி வச்சது யார் தப்பு?

4/
தேடுபொறிக்கும் இதே கதிதான். கூகுளோட ரோபோ பொத்தானை அழுத்தி மொழி மாத்திப் பாக்காது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வைங்கன்னு கூகுளே தன் வழிகாட்டுதல்ல சொல்லுது. காசு கொடுத்துத் தமிழ்ல எழுதி வாங்கிட்டு, அதைப் பூட்டி வைக்கிறாங்க.

5/
வழி மூணு இருக்கு.
• நாட்டு டொமைன்: டாட் இன், டாட் எல்கே. தமிழ் எழுத்திலேயே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் உண்டு.
• துணை டொமைன்: தமிழ் விக்கிப்பீடியா மாதிரி, பேருக்கு முன்னாடி 'டிஏ'.
• துணை அடைவு: உலக சுகாதார நிறுவனம் மாதிரி, பேருக்குப் பின்னாடி ஒரு ஸ்லாஷ், அப்புறம் மொழிக்குறியீடு.

6/
என் ஓட்டு மூணாவதுக்கு. ஒரே டொமைன், ஒரே புதுப்பிப்புக் கட்டணம். தளத்துக்குக் கிடைச்ச நல்ல பேரும் ஒரே இடத்துல சேரும். சின்ன ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படியாகும். "பட்ஜெட் இல்ல சார்"ங்கிற கதை இங்க செல்லாது.

7/
"டாட் இன் வச்சிருக்கோமே?" அது நாடு. மொழி வேற. 'எம்எல்' மொழிக்குறியீடா இருந்தா மலையாளம், நாட்டுக்குறியீடா இருந்தா மாலி. 'எஸ்ஐ' சிங்களம், ஸ்லோவேனியாவும் அதேதான்.
மொழிக்குக் கொடிப்படம் போடறவங்க சொல்லுங்க: யாழ்ப்பாணத்துக்காரர் தமிழ் படிக்க எந்தக் கொடியை அழுத்தணும்?

8/
நாடும் முக்கியமாகிற இடம் உண்டு. "நெஞ்சுவலியா? உடனே 108" தமிழ்நாட்டுக்குச் சரி. இலங்கையில 1990. சிங்கப்பூர்ல 995. மொழி ஒண்ணு, எண் வேற. அங்க நாடு, மொழி ரெண்டுமே முகவரியில வேணும்: ஸ்லாஷ் எல்கே, ஸ்லாஷ் டிஏ. எது யாருக்கான பக்கம்னு தேடுபொறிக்குச் சொல்ல 'எச்ரெஃப்லாங்' குறிப்பு 2011-லிருந்தே இருக்கு.

9/
இன்னொரு கொடுமை, ஐபி பாத்துத் தானா மொழி மாத்துறது. துபாய்ல இருக்கிற மகன் ஊர்ல இருக்கிற அம்மாவுக்காகத் தமிழ்ப் பக்கம் தேடறார். நீங்க அவரை அரபிப் பக்கத்துக்குத் தள்றீங்க. ஆள் இருக்கிற இடம் அவர் மொழி ஆகாது. வேணும்னா "தமிழில் படிக்கிறீர்களா?"ன்னு கேளுங்க. இழுத்துட்டுப் போகாதீங்க.

10/
"போன்லயே மொழிபெயர்ப்பு இருக்கே டாக்டர்?" அந்த வசதி தெரிஞ்சிருந்தா அந்த அம்மா எனக்கு ஏன் போன் பண்றாங்க? மனுஷன் எழுதின நல்ல தமிழை மறைச்சு வச்சிட்டு, மருந்து அளவை மெஷின் தமிழ்ல படிக்கச் சொல்றது என்ன நியாயம்?

11/
ஆஸ்பத்திரி, லேப், மருந்துக்கடை நடத்தறவங்க இன்னைக்கே ஒரு டெஸ்ட் பண்ணுங்க. உங்க தளத்தோட தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, லிங்க்கை உங்க வீட்டுப் பெரியவங்க போனுக்கு அனுப்புங்க. தமிழ்ல திறந்தா பாஸ். இல்லன்னா உங்ககிட்ட தமிழ்ப் பக்கமே இல்லன்னு அர்த்தம்.

உங்க தளத்தைக் கட்டினவருக்கு இதை அனுப்புங்க.